அம்முவின் புத்தகக் கடையும் உன் நைனா போட்ட விதியும்

புளியந்தோப்பு
9-11-2025

அன்புள்ள மகன் அறிவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் நைனா, அம்மு மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், மழைத் தண்ணீர் இந்தத் தடவை படிக்கட்டோடு நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை. நீ அந்த ஓமன் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்கு ஓயாத நினைப்பு. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் நைனா "ஸ்பீக்கர்ல போடு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒன்று சொன்னால் அவர் அதைத் திருத்தி வேறு சொல்கிறார். சொல்ல வேண்டியதே அவரைப் பற்றித்தான் என்பதால் காகிதத்தில் எழுதி, லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்குத் திரும்பும் ராயபுரம் சாலமன் கையில் நெத்திலிக் கருவாட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். திருவொற்றியூர் பக்கம் உன் தங்கச்சி பி.காம். படிக்கிறாளே, அந்தக் காலேஜில் அவள் துறைக்குத் தலைவர் செல்வநாதன் என்று ஒருவர். கணக்கியலுக்கு அவரே ஒரு புத்தகம் எழுதி, காலேஜ் ஸ்டோரில் வைத்து, எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் வாங்க வேண்டும் என்று வைத்திருந்தார். வருஷா வருஷம் புதுப் பதிப்பு வரும். போன வருஷப் புத்தகத்துக் கணக்கில் ராமுவும் சோமுவும் கூட்டாகக் கடை வைத்தார்கள், இந்த வருஷம் பாபுவும் கோபுவும் வைத்திருக்கிறார்கள், கடையும் அதே கடை, லாபமும் அதே லாபம். சரி, பழைய புத்தகம் வாங்கிப் படிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, கடைசியில் கிழித்தெடுக்கிற மாதிரி சில தாள் வைத்து, அந்தத் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் மார்க்கு, ஜெராக்ஸ் செல்லாது என்று சொல்லிவிட்டார். நம் அம்மு சீனியர் பெண் மதியிடம் பழையது வாங்கியிருந்தாள், அதில் தாளெல்லாம் மதி ஏற்கெனவே கிழித்துக் கொடுத்தாகிவிட்டது. இவள் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்ததை அந்த மனுஷர் திருத்தாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார், வந்து அழுதாள்.

உன் நைனாவைப் பற்றி உனக்குத் தெரியும். துறைமுகத்தில் ரிட்டயராகிக் கிரேனை விட்டு இறங்கியதிலிருந்து சண்டை போட ஆளில்லாமல் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், இதைக் கேட்டதும் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர் விடவில்லை, யூனியன் பழக்கத்தில் "தோழர்களே" என்று ஆரம்பித்து, பாபுவையும் கோபுவையும் பிரித்துக் காயப்போட்டுவிட்டார். பிரின்சிபால் தங்கபுஷ்பம் அம்மா நல்ல மாதிரி, அதிகம் பேசமாட்டார். அவரே "சார், புத்தகம் விக்கறத ஒழுங்குபடுத்த ஒரு குழு போடறேன், பெத்தவங்க சார்பா நீங்களே இருங்க" என்று சொல்லிவிட்டார். கழுத்தில் மாட்ட ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அவ்வளவுதான், பால் வாங்கப் போனாலும் அந்த அட்டைதான். தள்ளுவண்டிக்காரரிடம் "தக்காளி வெலைய எழுதி மாட்டுப்பா, ரூலு அதான்" என்று சொல்லிவிட்டு வந்தார், அன்றிலிருந்து எனக்குக் கறிவேப்பிலை கொசுறு கிடைப்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், குழுவில் உட்கார்ந்து நல்ல காரியமும் செய்தார். எந்த வாத்தியாரும் தன் புத்தகத்தைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, அடுத்த வருஷத்திலிருந்து கிழிக்கிற தாளே கூடாது என்று எழுத வைத்தார். செல்வநாதனும் சும்மா இருப்பாரா, இவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, உங்களைப் போல அனுபவம் உள்ளவர்கள் இல்லாமல் காலேஜ் நடக்காது என்று சொல்லி, கூடவே ஒரு விதியைச் சேர்த்துவிட்டார். அனுமதி இல்லாமல் காலேஜுக்குள் புத்தகம் விற்கிற மாணவர் யாராக இருந்தாலும் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது என்று. நான் படித்துப் பார்த்துவிட்டு இது கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்றேன். "ரூலுன்னா பல்லு இருக்கணும் ரமா, இல்லன்னா எவன் மதிப்பான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அம்மு என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், சீனியர்களிடம் எல்லாப் பாடத்துக்கும் பழைய புத்தகங்களை வாங்கி, காலேஜ் மாடிப்படிக்குக் கீழே மதியோடு உட்கார்ந்து ஜூனியர் பிள்ளைகளுக்குப் பாதி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தாள். எல்லாம் நம் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. உன் நைனா அதைப் பார்த்துவிட்டு, டீக்கடை தப்ரேஸிடம் "எம் பொண்ணு இன்னா படிப்பு படிக்குது தெரியுமா, கட்லாண்ட காலு வெக்க எடமில்ல" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொடுத்ததே நான்தான். அவரிடம் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. அந்த விதி புதுப் புத்தகம் விற்கிறவர்களுக்குத்தான் என்று நானும் அம்முவும் நினைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் சாயங்காலம் கையில் ஒரு கவரோடு வந்தார், "மொத கேஸு மாட்டிகிச்சி" என்று நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எங்களையும் கூப்பிட்டு வைத்து, உரக்கப் படித்தார். விற்ற இடம் மாடிப்படி, விற்றவர் பெயர் யசோதரா, இரண்டாம் ஆண்டு பி.காம்., தந்தை பெயர் என்று படித்தவர் அதோடு நின்றுவிட்டார். அவளை அம்மு என்று கூப்பிட்டே பழகியதில் யசோதரா யார் என்று அவருக்கு உறைக்கவில்லை, தன் பெயரைப் பார்த்ததும்தான் உறைத்தது. அம்மு மெதுவாக "நைனா, நீ போட்ட ரூல்ல மொத ஆளா நானே மாட்டிகினேன்" என்றாள். பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ராத்திரி சோற்றைத் தொடவில்லை. அப்போ அந்த விதியை மாற்று என்று நான் சொன்னேன். "வேற புள்ளையா இருந்தா சண்ட போட்டு மாத்திருவேன். நம்ம புள்ளைக்குன்னு மாத்துனா, நாளைக்கி அந்த வாத்தியார் மொகத்துல எப்பிடி முழிக்கறது" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது, அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

குழு வைத்த விசாரணைக்கு என்னைக் கூப்பிடவில்லை, ஆனாலும் என் சத்துணவுக் கூடத்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். உன் நைனா உள்ளே போனதும் அந்த அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இது என் பொண்ணு, நான் அந்தாண்ட உக்காரக் கூடாதும்மா" என்று சொல்லி, அம்மு பக்கத்தில் வந்து குற்றவாளி மாதிரி உட்கார்ந்துகொண்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்வநாதன் எழுந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு நூலகம் இருக்கிறது, இந்த மாதிரி வியாபாரம் எதற்கு என்று பேசினார். கெஞ்சலாம் என்றுதான் போயிருந்தேன், வாய் தவறி வேறு வந்துவிட்டது, "லைப்ரரி எங்க கீதும்மா, நான் பாத்ததே இல்ல" என்று கேட்டுவிட்டேன். நிஜமாகவே பார்க்க ஆசைப்பட்டுத்தான் கேட்டேன். பிரின்சிபால் அம்மா என்ன நினைத்தாரோ, வாங்க என்று எழுந்துவிட்டார், எல்லாரும் போனோம். அங்கே கண்ணாடி அலமாரியில் செல்வநாதன் எழுதிய புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது, பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டால் நூலகர் தரையைப் பார்க்கிறார். செல்வநாதன் பாக்கெட்டிலிருந்து கொத்துச் சாவியை எடுத்து, எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், நாங்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் திறந்தது. பிரின்சிபால் அம்மா புரட்டிப் பார்த்தார், ஒரு தாளும் கிழியவில்லை, ஒரு கையும் பட்டதில்லை. "சார், இத யாரு எப்ப படிக்கறது" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. பரீட்சையில் கை வைக்கிற விதி யாருக்குமே கிடையாது, கிழிக்கிற தாள் இந்த வருஷமே போயிற்று, பழைய புத்தகம் விற்பதை மாடிப்படியில் ஒளிந்து செய்யாமல் நூலகத்திலேயே மேசை போட்டு, குழு சொல்கிற விலைக்கு விற்க வேண்டும். அம்முவுக்கு ஒரு எச்சரிக்கை, கூடவே அந்த மேசை. உன் நைனா, பொண்ணு யாவாரம் செய்கிற இடத்தில் அப்பன் விதி போடுவது நாயமில்லை என்று குழுவை விட்டு விலகிவிட்டார். அப்படியென்றால் பெற்றோர் சார்பாக யார் என்று பிரின்சிபால் அம்மா சுற்றிப் பார்த்தார், அங்கே அவருக்குத் தெரிந்த முகம் என் முகம்தான். அம்மாவும் அப்பனும் ஒன்றுதானேம்மா என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை, அந்த அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

இப்போது வீட்டு நிலவரம் இப்படி. பக்கம் கிழிந்துபோன புத்தகத்தைப் பாதி விலைக்கு விற்கக் கூடாது, கால் விலைதான் என்று நான் சொன்னேன், அம்மு என்னோடு பேசுவதில்லை. உன் நைனா மேசையில் அவளுக்குக் கட்டுத் தூக்கிக் கொடுக்கப் போகிறார், வந்து "யாவாரிய பொழைக்க வுடமாட்டியா, எப்ப பாரு ரூலு ரூலுன்னுகினு பேஜாரு" என்று என்னிடம் சண்டைக்கு நிற்கிறார். நேற்று என்மேல் பிரின்சிபாலுக்கு மனு எழுத உட்கார்ந்தார். ஒழுங்குமுறைக்குச் சின்ன ரையா பெரிய றையா என்று என்னிடமே கேட்டார், சொல்லிக் கொடுத்தேன்.

நீ அங்கே சண்டை சச்சரவுக்குப் போகாதே, எதில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் முழுவதும் படித்துவிட்டுப் போடு. தலைக்கு எண்ணெய் வை. கருவாட்டை நாலு கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், அப்படியும் சாலமன் முகம் சுளித்தால் அவனுக்கும் பாதி கொடு. பாபாசாகேப் படத்துக்கு முன்னால் நின்று தினமும் உன்னை நினைத்துக்கொள்கிறேன், புத்தர் அருளால் நீ நீண்ட ஆயுளோடு, நல்ல பெயரோடு இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, ஊருக்கு வரும்போது உன் பாலிடெக்னிக் புத்தகங்கள் எங்கே என்று கேட்காதே. நல்ல விலைக்குப் போயிற்று.

என்றும் உன் நினைவாக இருக்கும்
உன் அம்மா,
ப. ரமாபாய்