உன் வலியையும் எழுது

வன்னியம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நஸீபாவுக்கு வெங்கடேஸ்வரி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரர் ஹபீப் ரகுமானும் நலம்தானே? போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே நல்ல மழை. வத்திராயிருப்புப் பக்கம் கண்மாய் எல்லாம் நிறைந்துவிட்டது.

உன் கடிதம் கிடைத்தது. நீ இப்போது இருக்கும் வெளிநாட்டு ஊரில் கறுப்பினத் தாய்மார்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறாய் என்றும், வலி என்று சொன்னால் அவர்களை ஆஸ்பத்திரியில் நம்புவதில்லை என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் நீ எங்கள் தெருவுக்கு வந்த அந்தக் கோடைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் தெருப் பெண்களுக்கு மட்டும் ஏன் இத்தனை ரத்தக் குறைவு, பிள்ளைகள் ஏன் எடை குறைவாகப் பிறக்கின்றன என்று ஆராய வந்தாய். கல்லூரித் தோழி என்று என்னையும் சேர்த்துக்கொண்டாய். வெயிலில் என் குடைக்குள் இருவரும் இடித்துக்கொண்டு நடப்போம். ஆஸ்பத்திரியில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று யாரைக் கேட்டாலும், “நல்லாத்தான் பாக்காக” என்று ஒரே பதில். நீ சோர்ந்துபோய், ஒருநாள் கேள்விப் பேப்பரை மூடி வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்து, என்ன கேட்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாய். என் மதினி அய்யம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “கைய வச்சுப் பாத்தாகளான்னு கேளுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் பேச்சை நிறுத்தவில்லை. மதினியின் தலைப்பிரசவக் கதையை அன்றுதான் நானே முழுதாகக் கேட்டேன். இடுப்பு வலியோடு போனவளை நர்சு தள்ளி நின்றே பார்த்துவிட்டு, “இந்தத் தெருக்காரிகளுக்கு எப்பவும் நடிப்புத்தான்” என்று வாசலில் உட்கார வைத்துவிட்டார். உள்ளே கூப்பிட்டபோது நேரம் கடந்துவிட்டது. பெண் குழந்தை. அழவே இல்லை. மதினி அதைச் சொல்லும்போது நீ எழுதுவதை விட்டுவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாய். திரும்பி வரும்போது கடையில் எலுமிச்சை சர்பத் வாங்கினோம், குடிக்காமல் வைத்துவிட்டு வந்தோம். கஷ்டமான நாட்கள்தான். ஆனால் அந்த நாட்கள் போல இனி வருமா என்று ஏங்கிப்போகிறது மனசு.

நாம் சேர்ந்து எழுதிய அறிக்கையைப் போன மாதம் ஊர்க் கூட்டத்தில் வாசித்தோம். அதற்கு முந்தின நாள் ஊர்ப் பெரியவர் சுந்தரபாண்டியன் வந்தார். தன்மையாகத்தான் பேசினார். “சாதின்னு எழுத வேண்டாம்மா. அதிகாரிகள் வாராக. விழிப்புணர்வு இல்லைன்னு போட்டுருங்க, ஊருக்கும் கெட்ட பேர் வராது” என்றார். மதினி குறுக்கே வந்து, “எனக்கு விழிப்புணர்வு இல்லாமலா ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்தேன்? வலிக்குதுன்னு கத்துனேனே, அதுக்கு மேல என்ன விழிக்கணும்?” என்று கேட்டாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாதி என்ற சொல்லை நாங்கள் எடுக்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் நான்தான் வாசித்தேன். பாதியிலேயே அந்த நர்சு எழுந்து போனார். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா மட்டும் கூட்டம் முடிந்தும் போகாமல், பாய் விரித்த இடத்திலேயே எங்கள் பெண்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது ஆஸ்பத்திரியில் எங்களைக் கடைசியாகக் கூப்பிடுவதில்லை. வந்த வரிசைப்படிதான். நர்சை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. அவர் போன ஊரிலும் எங்கள் தெரு மாதிரி ஒரு தெரு இருக்கும்தானே?

இன்னொரு சேதி. மதினி மறுபடி உண்டாகியிருக்கிறாள். பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தவள், என்ன சொன்னார்கள் என்று கேட்டால், “வயித்துல கைய வச்சுப் பாத்தாக வெங்கடேசு. கை கதகதன்னு இருந்துச்சு” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

நஸீபா, உன் கடிதத்தில் அந்தத் தாய்மார்களைப் பற்றி நாலு பக்கம் இருந்தது. கடைசியில், இடமில்லாத மூலையில், ஒரு வரி. எனக்கும் ஏழாம் மாதம், முகமெல்லாம் வீக்கம், தலைவலி விடவில்லை, இது சகஜம் என்று அனுப்பிவிட்டார்கள் என்று. அந்த வரியை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டாள், “அவிய ஊர்லயும் நஸீபாவ வாசல்லதான் உக்கார வைக்காகளா?” உன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்?

இந்தக் கடிதத்தைப் படித்த உடனே எழுந்து போ. உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போ. சகஜம் என்றால், ஏன் சகஜம் என்று கேள். பார்க்கும்வரை திரும்பி வராதே. எங்களுக்காக அத்தனை பேரிடம் சண்டை போட்டாயே, உனக்காக ஒரு தடவை போடு.

தாய் வேறு பிள்ளை வேறாக, இரண்டு உயிரும் சுகமாகப் பிரிந்து வர வேண்டும். மதினி அவள் சாமியிடம் கேட்கிறாள். நீ உன் அல்லாவிடம் கேள். நான் உன்னிடம்தான் கேட்கிறேன்.

உன்,
வெங்கடேஸ்வரி