பேரிஜத்துக்கு ஒரு நாள் நடை

கொடைக்கானல்,
24-11-1958

மன்னவனூர் மயில்சாமி அண்ணன் அவர்களுக்கு,

கொடைக்கானல் பஜார் காய்கறிக் கடை அழகம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. என் நலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் நலத்தை உருளைக்கிழங்கு லாரிக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டேன். கிழங்கு நல்ல விளைச்சலாம், மதினி பிச்சையம்மாளுக்கு மூன்றாவதும் பையனாம். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இதை யாரையும் வைத்து எழுதவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்த கை இது. அதனால் நீங்களும் மறைக்காமல் பதில் எழுதலாம்.

என் வீட்டுக்காரர் உங்களோடு பேரிஜம் ஏரிக்கு நடந்து போய்ப் பதின்மூன்று மாதம் ஆகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஹைக்கிங் போகிற மாதிரி நாங்களும் ஒரு நாள் போய்ப் பார்க்கிறோம் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு கிளம்பினீர்கள். நீங்கள் மட்டும் திரும்பி வந்தீர்கள். ஏரிக்கரைக் கோரைக்குள் காலை வைத்தான், உளைச்சேறு இழுத்துக்கொண்டது, கம்பை நீட்டினேன், எட்டவில்லை என்று போலீசிடம் சொன்னீர்கள். மறுநாள் காட்டிலாகாக் காவலர்கள் போய்ப் பார்த்தபோது அவருடைய தோல் செருப்பு கரையில் ஜோடியாகக் கிடந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அந்தச் சேற்றில் யானை விழுந்தாலும் கிடைக்காது என்றார்கள். நானும் நம்பித் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது பழனியிலிருந்து அவருடைய அண்ணன் சேனாதிபதி வந்து போயிருக்கிறார். வருகிற தை அமாவாசையோடு காரியத்தை முடித்துவிட வேண்டும் என்கிறார். "உடம்பு கெடைக்கலேன்னு ஆயுசு பூராவும் தாலியோட நிப்பியா? ஊரு சிரிக்கும்" என்று கேட்டார். காரியம் செய்தால் தாலியை இறக்க வேண்டும். இறக்குவதற்கு முன்னால் அவர் போன இடத்தை ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஜீப்பில் போகலாம் என்றார். அவர் நடந்த வழியில் நானும் நடந்துதான் போவேன் என்றேன்.

ஆகவே அண்ணன், நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே உட்கார வேண்டும், என்ன சோறு கட்ட வேண்டும், அட்டைக்கு உப்பு போதுமா, புகையிலையும் வேண்டுமா, சதுப்பு எந்தப் பக்கம், எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். கடையை இரண்டு நாள் பூட்ட முடியாது.

இன்னொன்று. சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். செருப்புக்கடை பாவா ராவுத்தர் ஒரு வருஷமாக வத்தலக்குண்டில் மகள் வீட்டில் சீக்காகக் கிடந்தார். போன வாரம்தான் மலையேறி வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ரப்பர் அடி பூட்ஸை வாங்கும்போதே சொன்னேம்மா. சேத்துக்கு இது ஆகாது, நெடும்பாதை நடைக்குத்தான் ஆகும்னு. கேக்கலையே உன் வீட்டுக்காரன்" என்றார். அப்படி ஒரு பூட்ஸை நான் பார்த்ததே இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் வாங்கினாராம்.

ஊரைத் தாண்டிய பிறகு அவர் காலில் என்ன இருந்தது? பையில் என்ன இருந்தது? இந்த ஊர் ஏரியில் துரைமார் படகுகளுக்குத் தார் பூசிப் பிழைத்தவர், நீச்சல் தெரிந்தவர். அவரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்க வாய் வருகிறது. அண்ணன் என்று கூப்பிட்ட வாய், அதனால் அடக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அழகம்மாள்


கொடைக்கானல்,
15-12-1958

மயில்சாமி அண்ணன் அவர்களுக்கு அழகம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகைக்குக் கூட நாலு வரிக்கு மேல் எழுதாத மனிதர் நீங்கள். என்னைப் போகவிடாமல் தடுக்க எவ்வளவு பாடு!

மதிகெட்டான் சோலைக்குள் போனவன் புத்தி பேதலித்து அங்கேயே சுற்றுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருஷம் உங்கள் சிநேகிதரோடு குடித்தனம் செய்தவளுக்குப் புதிதாக என்ன பேதலிக்கப் போகிறது? காட்டெருமை வரும் என்கிறீர்கள், வரட்டும். பனி இறங்கினால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது, சதுப்பில் பச்சைப் புல் தெரிகிற இடமெல்லாம் தரை என்று நினைத்துவிடாதே, கம்பால் குத்திப் பார்த்துத்தான் அடி எடுத்துவைக்க வேண்டும் என்று எழுதியிருப்பதை மனதில் வைத்துக்கொண்டேன். புளிச்சோறும் கருப்பட்டியும் போதும், தண்ணீர் வழியில் கிடைக்கும் என்பதும் சரி. காட்டிலாகா பாஸுக்கு மனுக் கொடுத்துவிட்டேன்.

நேரக் கணக்கும் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் பத்துத் தடவை படித்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு இந்த ஊர் ஏரிக்கரையை விட்டால் எட்டு மணிக்கு மதிகெட்டான் சோலை, பதினொன்றரைக்குத்தான் பேரிஜம், அதுவும் மழை இல்லாத நாளில் ஆம்பளை நடைக்கு என்கிறீர்கள். பொம்பளை நடைக்குப் போய்ச் சேரவே பகல் ஒரு மணி ஆகிவிடுமாம். திரும்பும்போது ஏற்றம், இன்னும் நேரம் இழுக்குமாம். உன்னால் முடியாது தங்கச்சி என்று முடித்திருக்கிறீர்கள்.

சரி அண்ணன். நான் கடைக்காரி. எடை போடாமல் ஒரு கேரட்டைக் கூட வாங்க மாட்டேன். அன்றைக்கு ஐப்பசி அடைமழை. ஐந்து மணிக்கு நான்தான் சோற்றுப் பொட்டணத்தைக் கையில் கொடுத்தேன். சாயங்காலம் மூன்று மணி வத்தலக்குண்டு பஸ் வந்து நிற்கிறது, நீங்கள் என் கடை முன்னால் நனைந்துகொண்டு நிற்கிறீர்கள். இரண்டு மணி நேரம் கரையெல்லாம் தேடினேன் என்றும் சொன்னீர்கள். ஐந்திலிருந்து மூன்று வரை பத்து மணி நேரம். தேடிய இரண்டு போக எட்டு. போக மட்டும் ஆறரை மணி நேரம் என்று இப்போது நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் வரும்போது பறந்து வந்தீர்களா?

ஒரு ஆள் பாதி வழியில் திரும்பினால்தான் மூன்று மணிக்கு என் கடைக்கு வர முடியும். நீங்கள் அன்றைக்குப் பேரிஜம் ஏரியைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு உங்கள் வேட்டியில் முழங்காலுக்கு மேல் சேறு இல்லை என்பதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அழுகிற கண்ணுக்கு அப்போது எதுவும் தெரியவில்லை.

பாதி வழியில் ஏதோ தகராறு, நீங்கள்தான் அவரை முடித்துவிட்டீர்கள் என்று மூன்று நாள் நினைத்துக்கொண்டே இருந்தேன். தூங்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை ஒரு தடவை போயும் விட்டேன். செருப்புதான் என்னைத் திருப்பிக் கூட்டிவந்தது. ஏரிக்குப் போகாத நீங்கள் செருப்பை ஏரிக்கரையில் எப்படி வைத்திருக்க முடியும்? அன்று ராத்திரி முழுக்க நீங்கள் எங்கள் வாசலில்தான் கிடந்தீர்கள். விடிந்ததும் காவலர்கள் போய் எடுத்துவந்தார்கள். அப்படியென்றால் அதைக் கரையில் வைத்த கை யாருடையது?

பேரிஜத்தைத் தாண்டி மூணாறுக்கு ஒரு பாதை போகிறது, சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். உங்கள் நாலு பக்கத்தில் அந்தப் பாதையைப் பற்றி ஒரு வரி இல்லை. பூட்ஸைப் பற்றி நான் கேட்டதற்கும் பதில் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்காதீர்கள் அண்ணன். தெரிந்ததை எழுதுங்கள்.

அழகம்மாள்


கொடைக்கானல்,
5-1-1959

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கார்டு கிடைத்தது. இந்தத் தடவை மூன்றே வரி. "பூம்பாறை வேலப்பர் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவன் நான். அதை மீறினால் என் பிள்ளைகளுக்கு ஆகாது. இதற்கு மேல் கேட்காதே தங்கச்சி."

படித்துவிட்டு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உலை கொதித்து அடங்கியதுகூடத் தெரியவில்லை. சூடம் அணைத்துச் சொல் என்று போலீஸ் உங்களைக் கேட்கவில்லை, சேனாதிபதி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு யார் உங்கள் உள்ளங்கையை நெருப்பில் வைக்கச் சொன்னது? சாகப்போகிறவன் யாரிடமும் சத்தியம் வாங்க மாட்டான்.

இதுவரை உங்களைச் சந்தேகப்பட்டேன். இப்போது என்னைப் பற்றியும் எழுத வேண்டும். அவர் உங்களிடம் சொன்னாரோ இல்லையோ. நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள், கடை முன்னால் நல்ல கூட்டம். பழனியில் இன்னொரு பெண்ணைப் பார்த்திருப்பதாகவும், பிள்ளைக்காக இவர் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சேனாதிபதி சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு மாட்டேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும். அவர் பேசாமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறி, குறை யாரிடம் என்று எவனுக்குத் தெரியும், மலடனுக்கு ரெண்டு பொண்டாட்டி ஒரு கேடா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். படகுத் துறை ஆட்கள் சிரித்தார்கள். அன்றையிலிருந்து படகுத் துறையில் அவரை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். இது எனக்கு அவர் போன பிறகுதான் தெரிந்தது.

என் நாக்கு பொல்லாத நாக்கு. ஆனால் அவர் மேல் எனக்கு ஆசை இல்லாமல் அப்படிப் பேசவில்லை அண்ணன். ஆசை இருந்ததால்தான் பேசினேன். இன்னொருத்தியோடு அவரைப் பங்கு போட என்னால் முடியாது என்பதைச் சொல்லத் தெரியாமல் அதைச் சொன்னேன்.

உங்களைச் சத்தியத்தை முறிக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் மூன்று பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் சத்தியம் செய்தது வாய்தான், கால் இல்லை. அதனால் நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

பாஸ் வந்துவிட்டது. பொங்கல் கழித்து வருகிற வெள்ளிக்கிழமைக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். அன்று விடியற்காலை ஐந்து மணிக்குப் படகுத் துறைக்கு எதிரே யூகலிப்டஸ் மரத்தடியில் நான் நிற்பேன். கம்பு, கம்பளி, உப்பு, புகையிலை, இரண்டு பேருக்குச் சோறு, எல்லாம் எடுத்துக்கொண்டு வருவேன். ஏரி மேல் பனி விலகுகிற வரை காத்திருப்பேன்.

அவர் உண்மையாகவே அந்தச் சேற்றில் போயிருந்தால், முதல் நாள் கிழங்கு லாரியில் வந்து இறங்கி, வெள்ளனே எழுந்து அங்கே வந்து நில்லுங்கள். ஒரு வார்த்தை பேச வேண்டாம். நீங்கள் முன்னால் நடங்கள், நான் பின்னால் வருகிறேன். இடத்தைக் காட்டுங்கள். தண்ணீர் வார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடுவேன். தை அமாவாசையன்று பழனிக்குப் போய் அவர்கள் முன்னால் கழுத்தைக் குனிந்துகொள்வேன்.

என் முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டு மட்டும் வராமல் இருந்துவிடாதீர்கள். செத்தவருக்குத் தாலியோடு காத்திருக்கிற பாவத்தை எனக்கு வைக்க வேண்டாம். அது சத்தியத்தை முறிப்பதைவிடப் பெரிய பாவம்.

அப்படி இல்லை, மூணாறுப் பக்கம் எங்கோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் நீங்கள் வர வேண்டியதில்லை. நான் திரும்பி வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசிக்கொண்டு கடையைத் திறப்பேன். சேனாதிபதிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எந்தத் தோட்டம் என்று கேட்க மாட்டேன். தேடிக்கொண்டும் போக மாட்டேன். அவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் இருக்கிற இடத்தில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கட்டும்.

வேலப்பர் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். அண்ணன், அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கட்டும். கிழங்கு தோண்ட ஆள் கிடைக்காமல் போகட்டும், லாரி பழுதாகட்டும். கெஞ்சிக் கேட்கிறேன், வராதீர்கள்.

உங்கள் தங்கை,
இராமலிங்கம் மனைவி அழகம்மாள்