பல் டாக்டர் நாற்காலியிலிருந்து பார்த்த கோடு

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளை அனுப்பிய, மட்டம் பார்க்கும் லேசரை நம்பி உன் தம்பி மாட்டிய அலமாரியைப் பல் டாக்டர் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அது நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் கடைவாய்ப் பல் இரண்டைத் தவிர. ஒரு பக்கமாகவே மென்றுகொண்டும், அந்தப் பக்கத்தாலேயே என்னைத் திட்டிக்கொண்டும் இருக்கிறாள். நீங்கள் மூவரும் அங்கே நலம்தானே. குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், பேத்திக்குக் காதை மூடிவிடு.

அந்த லேசர் பெட்டி வந்த நாளிலிருந்து உன் தம்பியைக் கையில் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை அளவுப் பெட்டி, முக்காலியில் நிற்கிறது, பொத்தானை அமுக்கினால் நான்கு சுவரிலும் பச்சைக் கோடு ஓடுகிறது. நம் தச்சுக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இவன் போட்டுக் காட்டினான். கதவு வாங்க வந்த ஒருவர் கோட்டை வேடிக்கை பார்த்துவிட்டுக் கதவை மறந்து போய்விட்டார். நம் பெரிய மேஸ்திரி மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான். சரி, இவ்வளவு ஆட்டம் போடுகிறானே, டாக்டர் வேலையைத் தனியாக முடித்துக் காட்டினால் இனிமேல் வெளிவேலை எல்லாம் உன் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினேன்.

மேல்தளத்தை ஒட்டி, சுவரிலிருந்து சுவர் வரை நீளும் அலமாரி. அந்த அறைக்கென்று அளந்து செய்தது, வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. மாட்டி முடித்து வந்து, "மயிரிழை பிசகில்லப்பா" என்றான். அதில் பொய் இல்லை. ஆனால் கட்டடம் பழசு, மேல்தளம் ஜன்னல் பக்கம் ஏறிக் கிடக்கிறது. அலமாரிக்கும் மேல்தளத்துக்கும் நடுவே கதவுப் பக்கம் ஒரு விரல் சந்து, ஜன்னல் பக்கம் மூன்று விரல். டாக்டர் பார்த்துவிட்டு, "என்னப்பா, கோணலா மாட்டியிருக்க?" என்று கேட்டாராம். இந்தப் புத்திசாலி பெட்டியைப் போட்டுக் காட்டி, "அலமாரி நேராத்தான் சார் இருக்கு, உங்க கட்டடம்தான் கோணல்" என்றிருக்கிறான். இத்தனை வருடம் ஊரார் வாய்க்குள் கைவிட்டுச் சம்பாதித்து வாங்கிய கட்டடத்தை அவர் முகத்துக்கு நேரே கோணல் என்றால் எந்த மனிதன் பணம் எடுத்து வைப்பான்? "அப்ப உங்க நேர் அலமாரிய நேரான இடமா பாத்து மாட்டிக்கோங்க" என்று வெளியே அனுப்பிவிட்டார்.

கடைக்கு வந்தும் பிள்ளை வாதாடினான், லேசர் பொய் சொல்லாது என்று. நான் கேட்டேன், உன் லேசர் வந்து டாக்டரிடம் பில் வாங்குமாடா என்று. மேஸ்திரிக்கு ஒரே கொண்டாட்டம். "நான் கண்ணாலயே சொல்லியிருப்பேன் முதலாளி" என்றார். அந்தக் கண் மாட்டிய கிடங்குக் கதவு யாரும் தொடாமலே தானாகத் திறந்துகொள்கிறது, காற்றில்லாத நாளிலும். நீங்கள் கொஞ்சம் வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டு, நானே இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

போனதும் டாக்டரிடம் அனுமதி கேட்டு அவருடைய நாற்காலியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தபடி படுத்தால் கண் நேரே அந்தச் சந்தில்தான் போய் நிற்கிறது. வருகிற நோயாளி அத்தனை பேரும் வலியோடு அதைத்தானே பார்க்கப் போகிறார்கள்! இந்த இரண்டு மேதைகளில் ஒருவனுக்காவது அங்கே படுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. டாக்டரிடம், "தாடை ஏறி இறங்கி இருந்தா தாடையையா அறுப்பீங்க, பல்லைத்தானே தேய்ச்சுப் பொருத்துவீங்க? நாங்களும் அதத்தான் செய்யப்போறோம், இன்னும் வேலை முடியல டாக்டர்" என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தவரிடம் பேரம் பேசுவது சுலபம்.

அப்புறம் மாப்பிள்ளையின் பெட்டிக்கு உருப்படியான வேலை கொடுத்தேன். அதைச் சாய்த்து வைத்து, நீளப் பலகை ஒன்றின் மேல் ஒரு முனையில் ஒரு விரல், மறுமுனையில் மூன்று விரல் இருக்கும்படி கோடு விழச் செய்தோம். சாயநூல் அடித்த கறை மரத்தில் இல்லை, நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆளும் தேவைப்படவில்லை. மேஸ்திரி கோட்டைப் பிடித்தே அறுத்தார், அறுக்கும்போது உர்ரென்றுதான் இருந்தார். அந்தப் பட்டையைச் சந்தில் பொருத்தி, தளத்தின் வெள்ளையையே அடித்துவிட்டோம். மறுபடி படுத்துப் பார்த்தேன், சந்தும் இல்லை, கோணலும் இல்லை. உன் தம்பியையும் படுக்க வைத்தேன். எழுந்து போய்ப் பெட்டியைத் தானே அணைத்தான். வெளிவேலை அவனுக்குத்தான். ஆனால் எங்கே மாட்டினாலும் முதலில் அந்த இடத்துக்காரர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும், அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளையும் இதே மாதிரி இன்னொரு பெட்டியை வைத்துக் குழந்தை அறையில் தானே அலமாரி மாட்டப் போகிறார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு என் ஆசிகளைச் சொல், சுவருக்குள் கரண்ட் ஒயர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் துளை போடச் சொல். பச்சைக் கோடு அதையெல்லாம் சொல்லாது. பேத்தி கண்ணுக்கு நேரே அதைக் காட்டாதே. நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

உன் அப்பா

டாக்டரிடம் பேசி முடித்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். பேசிய தொகை முழுசாக, குறைப்பு கிடையாது. பட்டையும் பெயிண்டும் நம் செலவு. உன் அம்மாவின் கடைவாய்ப் பல் இரண்டும் அவர் செலவு.