மெயினைத் தொடாதீக

மச்சான்,

ஜும்மாவுக்குக் கிளம்பையில வழக்கம்போல மெயினை அணைச்சு, வாசலையும் வெளிய பூட்டிட்டுப் போயிட்டீக. அப்ப என் லேப்டாப்புல லினக்ஸ் கர்னல் அப்டேட், அதான் லேப்டாப்பையே ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர், ஓடிக்கிட்டிருந்துச்சு. பேட்டரிதான் செத்துக் கெடக்கே, பாதியில நின்னுபோச்சு. மெயினைப் போட்டுட்டு லேப்டாப்பை மறுபடி ஆன் பண்ணா கருப்புத் திரையோட அப்படியே நிக்குது. ஆரம்பத்துல வர்ற மெனுவுல பழைய கர்னலை எடுத்து, ஒருவழியா உள்ள போயிட்டேன். புதுசைத் திரும்ப ஏத்தவிட்டிருக்கேன். நான் வர்ற வரைக்கும் மெயினைத் தொடாதீக. உங்களுக்குப் புடிக்காட்டியும் நாளைக்கு என் வேலைக்கான இன்டர்வியூ அந்த லேப்டாப்புலதான்.

கோழி ஆணம் அடுப்பு மேல இருக்கு. சுமையாவை ஸ்கூல்லருந்து கூட்டியார திருச்சுழி போறேன், கொல்லைக் கதவு வழியா.

நர்கிஸ்

வீட்டுல ஆளில்லைன்னாத்தானே மெயினை அணைப்பீக? நான் அடுப்படியில உங்களுக்கு ஆணம் கிண்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.