பனையில் தொங்கும் கம்பி

நைனார்பாளையம்
3.10.1987

அன்பு மகன் சிவசங்கருக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. பெங்களூரில் உனக்கு இரண்டும் நன்றாக இருக்க வேண்டும். இட ஒதுக்கீடு கேட்டு நம் ஆட்கள் செய்த மறியலில் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டதால் பத்து நாள் பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை.

உன் ஹாம் ரேடியோவுக்கு நாங்கள் கட்டிய ஏரியல் இப்போது இல்லை. பக்கத்துக்குப் பத்து மீட்டர் செம்புக்கம்பி, நடுவில் கேபிள், இரண்டு நுனியும் முடிந்த மட்டும் உயரத்தில் என்று நீ எழுதியபடிதான் செய்தோம். உன் அப்பா மீட்டருக்கு இரண்டு முழம் என்று தன் கையாலேயே அளந்து வெட்டினார். ஒரு நுனி நம் வாசல் தென்னையில். மறு நுனிக்கு உயரமாக இருந்தது பின்பக்க வண்டிப்பாதைக்கு அப்பால், காலனியில் இருக்கும் பனைதான். அந்தப் பனையடியில் குடியிருக்கும் கொளஞ்சியப்பன் ஏறிக் கட்டினான். கூலி வேண்டாம், தம்பி வந்து பேசும்போது தனக்கும் ஒரு தபா கேட்க வைத்தால் போதும் என்றான். முழக் கணக்கைப் பார்த்து, பக்கத்துக்கு ஒரு மீட்டர் குறைகிறது என்று நீ எழுதியதும் ஒட்டுப்போட அவனையே மறுபடி ஏற்றினோம். அது மறியல் தொடங்கிய நாள். ஊரே ரோட்டில் நின்று பார்த்தது.

மூன்றாம் நாள் போலீஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டு மறியலில் நின்ற நம் தெருப் பையன்கள் எட்டுப் பேரைப் பிடித்துப் போனது. பேர் எப்படித் தெரிந்தது? காலனிக்காரன் சொன்னான், கம்பி வழியாகப் போனது என்று பேச்சு கிளம்பிவிட்டது. உன் சித்தப்பா வீரமுத்து நாலு பேரோடு வந்தார். ஜன்னலில் ஆணியில் மாட்டியிருந்த கேபிள் நுனியை எடுத்துக் காட்டினேன், செட்டு பெங்களூரில் இருக்கிறது, இது வெறும் கம்பி என்றேன். “பொட்டிய எங்க ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கீங்க அண்ணி?” என்றார். படித்த பிள்ளைகளுக்கு வேலையில் பங்கு கேட்கிறார்கள், நியாயம்தான், நானும் கேட்பேன். அதற்குக் கொளஞ்சியப்பன் குடிசையை ஏன் முறைக்க வேண்டும்?

அவர்கள் போனதும் பயத்தில் புத்தி கெட்டு, கேபிளையும் தென்னையில் கட்டிய கயிற்றையும் அரிவாளால் அறுத்தேன். கம்பி ஓட்டின் மேல் சரிந்து பாதையைத் தாண்டி விழுந்தது. இப்போது நம் வீட்டில் ஒன்றுமில்லை. மொத்தமும் அந்தப் பனையில், கொளஞ்சியப்பன் கூரைக்கு மேலே தொங்குகிறது. இன்று காலை வீரமுத்து சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. கம்பி எங்க தொங்குதுன்னு ஊரே பாத்துக்கினுதான் இருக்குது.” அவர் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மத்தியானத்திலிருந்து காலனி அடிபம்பில் தண்ணீர் அடிக்க யாரும் வரவில்லை.

அவனே ஏறி அவிழ்த்தால் தடயத்தை மறைக்கிறான் என்பார்கள். அதனால் நாளைக் காலை, எல்லோரும் பார்க்க, உன் அப்பா போய் அந்தக் கம்பியை இறக்கப் போகிறார். அறுபது வருஷமாக இங்கே இருக்கிறார், அந்தத் தெருவுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. சாயங்காலத்திலிருந்து ஏணியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். அவர் போகாவிட்டால் ஏணியைத் தூக்கிக்கொண்டு நான் போவேன்.

உன் லைசென்ஸின் நகலை முத்திரையோடு பதிவுத் தபாலில் உடனே அனுப்பு. கம்பி கட்டச் சொன்னது நான்தான், கொளஞ்சியப்பன் அல்ல என்று உன் கையெழுத்தில் எழுதி வை. பேசும் செட்டை எடுத்துக்கொண்டு இப்போது வராதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், கொளஞ்சியப்பன் பிள்ளைகளும்.

உன் அம்மா
அம்சவள்ளி