தண்ணீரில் ஓடும் வேன்

வியாழன், 12

காலையிலேயே புழுக்கம். ஜெலுத்தோங் பசாரில் சந்தைக் கூட்டம். பள்ளிக் கேண்டீனுக்கு நெத்திலி, வெங்காயம், வாழை இலை. முட்டையை மறந்து, திரும்பப் போய் வாங்கினேன். முழங்கால் வலி.

வரும் வழியில் வேனுக்குப் பெட்ரோல். என்றைக்கோ கடல் பாலத்து நடுவில் நின்றுபோனதிலிருந்து பெட்ரோல் முள்ளைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

பிளாட் வாசலில் என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அண்ணனிடம்: "மூணு வாரமா பாக்குறேன் அண்ணே, முள்ளு இறங்கவே மாட்டேங்குது லா. எல்லாம் தண்ணி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யூடியூப் பார்த்து எஞ்சின் ஓரம் ஒரு பாட்டில் மாட்டியிருக்கிறார். தண்ணீர், சோடா மாவு, பேட்டரியிலிருந்து இரண்டு வயர். குமிழி வரும், அந்த வாயு எஞ்சினுக்குள் போய் எரியுமாம். பெட்ரோல் ஊற்றுவதை நான் சொன்னதில்லை. வெங்காயம் வாங்கினால் சொல்கிறேனா?

வெள்ளி, 13

மழை. சொல்லிவிடலாம் என்று கீழே போனேன். மழை விட்டிருந்தது, வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். சீட்டி வேறு. வேலை பார்த்த ஃபேக்டரி மூடினதிலிருந்து ஜன்னலையே பார்த்து உட்கார்ந்திருந்த ஆள். வேறு ஃபேக்டரி ஆட்களை வேனில் ஷிஃப்டுக்கு ஏற்றிப்போகும்போதுகூட வாய் திறக்காதவர். சொல்லாமல் மேலே வந்துவிட்டேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நிபோங் திபாலிலிருந்து போன். நாத்தனார் செல்வியின் வீட்டுக்காரர் குணா. ஞாயிறு அவர்கள் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். இவர் போனால்தான் ஊசியையே எடுப்பார்கள். தண்ணீர் வேன் கதை அங்கேயும் போயிருக்கிறது.

"பஸ்ல வந்துருங்க மச்சான். தண்ணிய நம்பிப் பாலத்துல நின்னுறாதீங்க லா."

பின்னால் யார் யாரோ சிரிப்பு. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சொட்டு பெட்ரோல் ஊத்தாம வர்றேன், பாரு."

போச்சு.

சனி, 14

கேண்டீன் லீவு. பசார் இல்லை. துணி ஊறப் போட்டேன், துவைக்கத் தெம்பில்லை.

டேங்க் மூடிக்கு டேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து போட்டிருக்கிறார். "குணா தன் கையால பிரிக்கட்டும்." நான் நைசாக ஊற்றிவிடலாம் என்று நினைத்ததும் போயிற்று.

சாயங்காலம் ஷிஃப்டு ஆட்களை விட்டு வந்தார். முள் கால் டேங்குக்குக் கீழே. மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "மீட்டர் கெட்டுப் போச்சு போல." பாவமாக இருந்தது. எரிச்சலாகவும்.

ஞாயிறு, 15

மேகமூட்டம். சீர்த்தட்டுகள், தோடு, பழம், செல்விக்குப் புடவை. எல்லாம் வேனில். பாலத்துக்கு முன்னால் கடைசி பெட்ரோல் ஸ்டேஷன்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். சொன்னேன். "நான்தாங்க ஊத்துறேன். பசாருக்குப் போறப்பெல்லாம்."

பின்னால் ஹாரன்.

"எல்லா நாளுமா?"

"ம்."

"ஏன் கமலா சொல்லல?"

"சீட்டி அடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

இறங்கி, டேப்பை அவரே நகத்தால் பிய்த்தார். நல்லா ஒட்டியிருந்தார். நேரமாயிற்று. நிபோங் திபால் போய்த் திரும்பும் அளவுக்கு மட்டும் ஊற்றினார்.

கோயிலில் எல்லாரும் காத்திருந்தார்கள். குழந்தை இவர் மடியில். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து குணா: "என்ன மச்சான், தண்ணியிலதான் வந்தீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடுவார், நானும் தலையாட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

"இல்ல. பெட்ரோல்லதான். இத்தனை நாளும் பெட்ரோல்லதான் ஓடியிருக்கு. கமலா ஊத்தியிருக்கா, எனக்குத் தெரியல."

கூட்டமே சிரித்தது. சிரித்துச் சிரித்துக் குணாவுக்குக் கண்ணில் தண்ணீர். இவர் குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். ஊசி இறங்கியது. குழந்தை கத்திய கத்தலில் சிரிப்பு நின்றது. குணாவை அறையலாம் போல வந்தது. பாயசம் குடித்தேன்.

திங்கள், 16

வெயில். நான் எழும்போதே வேனைக் கழுவி முடித்திருந்தார். சீட்டி இல்லை. கழற்றிய பாட்டில் படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீரோடு.

பசார். நெத்திலி, இஞ்சி, முட்டை (மறக்கவில்லை). பழக்கத்தில் பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் திரும்பிவிட்டேன். முள் உச்சியில் நின்றது. எப்போது போய் ஊற்றினாரோ.

ஊற்றாமலே வேனைத் திருப்பினேன்.