ஆடுதின்னாப்பாளைப் பொடி

திருச்சுழி
28.8.2024

பாசமுள்ள தங்கச்சி முருகலட்சுமிக்கு,

நானும் உன் மதினி தங்கத்தாயும் சுகம். மாப்பிள்ளை, பிள்ளைகள் சுகம்தானே? போனில் நீ பேசுவது என் காதுக்குப் பாதிதான் எட்டுகிறது. அதனால் எழுதுகிறேன், நீயும் எழுது.

பேப்பரில் உன் போட்டோவை ஊரே பார்த்தது. 'புற்றுநோயைத் தடுக்கும் ஆடுதின்னாப்பாளை: பேராசிரியை சாதனை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பருத்திக்கு ஊடே களையென்று வெட்டி எறிந்த செடிக்கு வந்த மவுசைப் பார்! நான் அதைப் பிடுங்கி, நிழலில் உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி வைத்திருக்கிறேன். காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். சோணைமுத்துவுக்கும் ஒரு டப்பா கொடுத்தேன். என்னோடு படித்தவன், லோடு வண்டி ஓட்டுகிறானே, அவன்தான். காலில் கரப்பான் வந்து சொறிந்து சொறிந்து புண்ணாகிக் கிடந்தான். "ஏலே, டாக்டருக்குப் படிச்ச ஒந் தங்கச்சியே சொல்லுதுன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிக்கொண்டான்.

இன்னும் சில வீடுகளில் கேட்கிறார்கள். கல்லூரித் தாளில் நாலு வரி எழுதி சீல் போட்டு அனுப்பினால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

உன் அண்ணன்
வீரபாண்டி


கோயம்புத்தூர்
4.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தப் பொடியை நிறுத்துங்கள். இன்றைக்கே.

நான் ஆராய்ந்தது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களை. தட்டில் இருக்கிற செல்லை ஆசிட் ஊற்றினாலும் கொல்லலாம். அதனால் ஆசிட் மருந்தாகிவிடாது. மனிதருக்கு யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை, கொடுக்கவும் கூடாது. அந்தச் செடியில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தை அரித்துவிடும். வலி தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். புற்றுநோயைத் தடுப்பதென்ன, அதுவே புற்றுநோயைக் கொண்டுவரும். இதில் சந்தேகமே இல்லை அண்ணா, பல நாடுகளில் தடை செய்துவிட்டார்கள்.

நிருபரிடம் இதையும் சொன்னேன். அவர் விட்டுவிட்டார். திருத்தம் போடச் சொல்லி நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போட்டோ நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்ன சந்தோஷத்தில் இருந்துவிட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. திருத்தம் போடச் சொல்லி அந்தப் பேப்பருக்கு எழுதியிருக்கிறேன்.

சோணைமுத்து அண்ணனிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தெரிய, ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். தப்பு என் மேல் என்றே சொல்லுங்கள்.

முருகலட்சுமி


திருச்சுழி
19.9.2024

முருகலட்சுமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம் அப்பா இதே செடியை அரைத்துக் குடித்துத்தான் எண்பது வயது வரை மண்வெட்டி பிடித்தார். நீ நாலு எழுத்துப் படித்ததும் அது விஷமாகிவிட்டதா? டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் உன் பேரைச் சொல்லியிருக்கிறேன். இப்போது போய் 'அதெல்லாம் இல்லை' என்றால் என் மூஞ்சியில் காறித் துப்ப மாட்டார்களா?

சரி. நான் பார்த்துக்கொள்கிறேன். மழை இன்னும் இல்லை.

வீரபாண்டி


கோயம்புத்தூர்
10.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம் தணிந்ததா? மதினிக்குப் போன் போட்டேன். "அவுக எல்லார்ட்டயும் சொல்லிட்டாகளாம்" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். பொங்கலுக்கு வருகிறோம்.

முருகலட்சுமி


திருச்சுழி
2.7.2025

தங்கச்சி,

சோணைமுத்துவுக்கு முகமும் காலும் வீங்கின. அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது. "நாட்டு மருந்து ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அவன் பெண்சாதி அழகுத்தாய் டப்பாவைக் காட்டியிருக்கிறாள். அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இதுவாகத்தான் இருக்கும் என்றாராம்.

பார்க்கப் போனேன். அழகுத்தாய் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்: "அண்ணே, நீங்களும் இதத்தான குடிச்சீக? ஒங்களுக்கு ஒண்ணும் செய்யலயா?"

"நான் நிறுத்திட்டேன் தாயி."

"எப்ப நிறுத்துனீக?"

உன் கடிதம் வந்த அன்றைக்கே நிறுத்திவிட்டேன் முருகலட்சுமி. உன்னைத் திட்டி எழுதும்போது என் டப்பா குப்பைக் குழியில் கிடந்தது. புதிதாகக் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. சோணைமுத்துவிடம் போய்ச் சொல்லத்தான் நா எழவில்லை. கொடுத்தது தீர்ந்ததும் அவனே வயலில் செடியைப் பிடுங்கினான். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லிவிட்டதாக உன் மதினியிடம் சொன்னது பொய்.

என் முகத்தைப் பார்த்தே அழகுத்தாய்க்குப் புரிந்துவிட்டது. திட்டியிருந்தால் தேவலை. "செவ்வாக்கெழம டயாலிசிஸுக்குப் போகணும். பஸ்ஸுல அவுகளால நிக்க முடியல. ஒங்க வண்டியில கொண்டுபோயி விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவனிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

நேற்று அவனை வண்டியில் ஏற்றிப் போனேன். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்திருந்தான். கை கனமே இல்லை. "ஏலே, நீ இல்லாட்டி எனக்கு யாருலே இருக்கா" என்றான். அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. ஓடைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, உன் கடிதம் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் காய்ந்த ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம், "போவோம், நேரமாச்சு" என்றான்.

ஏறி உட்கார்ந்தான். தோளைப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

வீரபாண்டி